ஏழைக்கு ஏற்ற சுவர்

அந்தப் பெண்ணை வீட்டிலும் தெருவிலும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டடைக்குச்சியின் சுருக்கம். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் வந்துவிட்டது. உடம்பில் சதை என்று பேருக்குக்கூடக் கிடையாது. பேர் வைத்தவள் அவளை வளர்த்த அத்தை. குச்சியின் தாய் இறந்தபின் அண்ணன் வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டியோடு வந்து, அடுப்பையும் பிள்ளையையும் தன் வசம் எடுத்துக்கொண்டவள் அவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அப்பா பெயிண்டர். பேசச் சொன்னால் பேசமாட்டார்; பெயிண்டைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார்.

குச்சி விலங்கியலில் பட்டம் வாங்கியவள். மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, பூச்சியியல் மேல்படிப்புக்குத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள்.

"பூச்சியப் பத்திப் படிக்க ரெண்டு வருஷமா?" என்றாள் அத்தை. "ஒரு பழைய செருப்பக் குடு. நான் இப்பவே படிச்சு முடிச்சுக் காட்டுறேன்."

இடம் கிடைத்தது பெரிதில்லை. அந்த இடத்தில் போய் உட்காருவதற்குக் கட்டுகிற பணம்தான் பெரிது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள் என்று தெருவே சொன்னது. சொன்னவர்களில் ஒருவர்கூட வாங்கியவர் இல்லை.

அவளும் கேட்டுப் பார்த்தாள். ஒரு சங்கம், எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்றது. வங்கியில் படிப்புக் கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் இருக்கிறவள் அந்தப் படியில் எதற்கு ஏறுகிறாள்? வெளிநாட்டு உதவித்தொகை ஒன்று வந்தது. அதற்கு முதலில் ஒரு மொழித்தேர்வு எழுத வேண்டுமாம். அந்தத் தேர்வுக்குக் கட்டுகிற காசில் அத்தை இரண்டு மாதம் குடும்பம் நடத்திவிடுவாள். இன்னொரு இடத்தில், படித்து முடித்துச் சமூகத்துக்கு என்ன திருப்பிச் செய்வாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். இன்னும் சல்லிக்காசு கண்ணில் காட்டவில்லை, அதற்குள் திருப்பிக் கேட்கிறார்கள். நல்ல தர்மம்.

கடைசியில் ஓர் அறக்கட்டளை அகப்பட்டது. கட்டடம் கட்டி விற்கிற ஒரு பெரிய மனிதருடையது. அவருக்கு வள்ளல் என்று பேர் வைத்ததும் அவர் ஆட்கள்தான், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் அவர் ஆட்கள்தான். இரண்டு வருஷக் கட்டணத்தையும் முழுசாகக் கொடுப்பார்கள். மேடையில் ஏற்றி, கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலையைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அந்த அட்டையை எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. நிஜப் பணம் பின்னால், வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டு வரும்.

அதற்கு மனு போட, குச்சி கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். 'உங்கள் குடும்பத்தின் துன்பங்களை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். தட்டச்சு செய்கிற கடைக்காரர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பத்தாதும்மா. அப்பா குடிக்கிறார்னு ஒரு வரி போட்டுக்குவோமா? நல்லா எடுபடும்."

"எங்கப்பா குடிக்க மாட்டாரு."

"அதான் உங்க கஷ்டம்," என்றார் கடைக்காரர், நிஜமான அனுதாபத்தோடு.

பொய் சேர்க்காமலேயே மனு போனது. மதிப்பெண் நன்றாக இருந்ததால் முதல் சல்லடையில் தங்கியும் விட்டாள். ஞாயிறு கழித்து விசாரணை அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார் என்று போனில் சொன்னார்கள்.

வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெயிண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாடகை வீடு, மாடியில் இரண்டு அறை. சுவரில் பழைய சுண்ணாம்பு பொரிந்து, சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஊர் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவன் வீட்டுச் சுவர் இப்படித்தான் இருக்கும். ஆனால் பெரிய இடத்து ஆள் ஒருவர் தேடி வருகிறபோதும் அப்படியே போட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை. பங்களா வேலை முடிந்ததும் மிச்ச பெயிண்டை, நீயே எடுத்துக்கோ என்று பெயிண்டரிடம் விட்டுவிடுவது வழக்கம். கட்டிலுக்கு அடியில் அப்படி அரை வாளியும் கால் வாளியுமாகக் கிடந்தது. ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கு அடித்த முத்துநீலம் அதிலே ஒன்று. வெளிச்சம் பட்டால் பட்டுத்துணி போல மினுங்கும் சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் அடித்தார். பட்டி பூசிப் பள்ளம் நிரவி, உப்புத்தாள் தேய்த்து, பிசிறு இல்லாமல் அடித்தார். எதிர்ச்சுவர் முழுவதும் முத்துநீலம். மற்ற மூன்றும் பாலாடை நிறம். கூலிக்கு வேலை செய்கிறபோது மேஸ்திரி அவசரப்படுத்துவார். இங்கே அவசரப்படுத்த ஆளில்லை. அத்தை கீழ் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும், தங்கக் கோடு போட்ட டீக் கோப்பைகளும் இரவல் வாங்கி வந்தாள்.

குச்சி மருந்துக்கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அழகாக இருந்தது. பிறந்ததிலிருந்து இருந்த வீடு அவளுக்கே புதுசாக இருந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள், அதைச் சொல்லாமல் மறைத்தால் தப்பு. மூன்று பேர் தலையிலும் ஒரே களிமண்.

அதிகாரி மறுநாள் வந்தார். தோளில் பை, கையில் பேனா. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார், தங்கக் கோட்டுக் கோப்பையில் டீ குடித்தார், சுவரைப் பார்த்தார். எழுந்து போய் விரலால் தடவியும் பார்த்தார்.

"நல்லா இருக்கே. இது என்ன விலை ஆகும்?"

பெயிண்டர் வாழ்நாளில் எத்தனையோ சுவருக்கு முன்னால் நின்று காதில் வாங்கிய கேள்வி அது. பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"சதுர அடிக்கு நூத்தி இருபது வரும் சார், கூலி தனி. இது சாதாரண சரக்கு இல்ல. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டுக்கு வேணும்னா சொல்லுங்க, பார்த்துச் செய்வோம்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க விலாசம் குறித்துக்கொள்கிறார் என்றே பெயிண்டர் நினைத்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது. குடும்பம் வசதியாக வாழ்வது நேரில் கண்டறியப்பட்டதால் மனு நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

குச்சி கடையில் லீவு சொல்லிவிட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே குளிர்சாதனம் ஓடியது. சுவரெல்லாம் வள்ளல் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சிரிக்காமல் நின்றார்கள். அதிகாரி அவளைக் கெட்ட எண்ணத்தோடு நடத்தவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திப் புத்தி சொன்னார்.

"மிச்ச பெயிண்டுன்னு நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் படம் எடுத்து மேல அனுப்பணும். இந்தச் சுவரை அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வர்றேன். வீடு கொஞ்சம் இயல்பா இருக்கட்டும்."

"இயல்பான்னா எப்படி சார்?"

"உனக்குத் தெரியாதா? முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி."

இந்த வார்த்தையைக் கேட்டு வந்து சொன்னதும் அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டாள். ஏழையாவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது அவள் கட்சி. இருந்த ஒரே மின்விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டாள். சலவைக்கூடத்தில் கழித்துக்கட்டிய விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, கிழிசல் வெளியே தெரிகிற மாதிரி கட்டிலில் விரித்தாள். தட்டுமுட்டுச் சாமானில் அடிபட்டதை முன்னாலும் நல்லதைப் பின்னாலும் வைத்தாள்.

"நீ தலைக்கு எண்ணெய் வைக்காதடி. கண்ணக் கொஞ்சம் தேய்ச்சு விட்டுக்கோ. அண்ணே, நீங்க இருமத் தெரிஞ்சா இருமுங்க."

"எனக்கு இருமல் இல்லையே."

"எதுதான் உங்களுக்கு இருக்கு?"

அடுத்தது சுவர். வியாழக்கிழமை காலை பெயிண்டர் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு முத்துநீலத்துக்கு முன்னால் போய் நின்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர் போலத் தகட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். அப்புறம் மூலையில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். நல்ல வேலை, சுலபத்தில் உரியவில்லை. மறுபடி அழுத்தினார். சுருள் சுருளாய் நீலம் தரையில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அவர் தன் தோலைத்தான் உரிக்கிறார் என்று தோன்றியிருக்கும்.

"நிறுத்துங்கப்பா," என்றாள் குச்சி.

"ஒரு மணி நேரம்தான் கண்ணு. நீ படிச்சா, இன்னொரு நாள் அடிச்சுக்கலாம்."

"தள்ளி நில்லுங்க. தகட்டக் குடுங்க."

"அடியே, முழுப் பணம்டி," என்றாள் அத்தை. "ரெண்டு வருஷத்துக்கும். சுவரு முக்கியமா, உன் படிப்பு முக்கியமா?"

"படிப்புதான் முக்கியம். ஆனா வருஷா வருஷம் அவங்க வந்து பாப்பாங்க அத்தை. வருஷா வருஷம் அப்பா சுரண்டுவாரா?"

அதற்கெல்லாம் வாயை மூடுகிறவள் இல்லை அத்தை. இந்தத் திமிரை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆரம்பித்து, செத்துப்போன அண்ணி வரைக்கும் போனாள். குச்சி காதில் போட்டுக்கொள்ளாமல் மாடிப்படியில் இறங்கிப் போய்ப் பாதியில் நின்றாள். அதிகாரி மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"வீடு நீங்க அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்கு சார். சிரமப்பட்டு ஏற வேணாம்."

"நான் சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. எங்கப்பா கைவேலை சார் அது. அதுதான் எங்க வீட்டுக்கு இயல்பு."

"யோசிச்சுக்கோ. உனக்குப் பின்னால வரிசையில நிறையப் பேரு நிக்கிறாங்க."

"அவங்களுக்குக் குடுங்க. சுவத்தத் தடவிப் பாக்காமக் குடுங்க."

அவர் கீழே போனதும் அவள் படியில் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணினாள். மாதம் முடிய இரண்டே நாள். மேலே ஏறிப் போய் அத்தை முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அப்படியே பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வழி முழுக்க ஒன்றையே நினைத்தாள். இத்தனை வாரமாக எல்லோரிடமும், கொடுங்கள், கொடுங்கள் என்றே கேட்டிருக்கிறோம். அப்பா யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. வேலை இருக்கிறதா என்று கேட்பார்; கூலி இவ்வளவு என்று சொல்வார்.

பூச்சியியல் துறைத் தலைவி மேசையில் குனிந்து, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் புழுக்களுக்கு இலை மாற்றிக்கொண்டிருந்தார். இந்த வயதில், இந்தப் பதவியில் அந்த வேலையைத் தானே செய்கிற எரிச்சல் முகத்தில் இருந்தது.

"மேடம், எனக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு. கட்டப் பணமில்ல. உதவி கேட்டு வரல. துறையில ஏதாவது வேலை இருக்கா? செஞ்சுகிட்டே படிக்கிறேன்."

துறைத் தலைவி நிமிர்ந்து அவள் உயரத்தை ஒருமுறை மேலிருந்து கீழே அளந்தார்.

"புழு பாத்து அருவருப்பு உண்டா?"

"கிடையாது."

"ஆராய்ச்சி உதவியாளர் இடம் ஒண்ணு மூணு மாசமா காலியா கிடக்கு. தினம் தீனி மாத்தணும், பெட்டி கழுவணும், முதல் வருஷத்துப் பசங்களுக்குச் செய்முறை வகுப்புல கூட நிக்கணும். ஞாயித்துக்கிழமையும் வரணும், புழுவுக்கு லீவு தெரியாது. கட்டணம் தள்ளுபடி, மாசா மாசம் சின்னதா ஒரு தொகை."

"இதுக்கு ஏன் மேடம் யாரும் வரல?"

"வந்தாங்க. படிக்கிற பிள்ள பெட்டி கழுவுறதான்னு போயிட்டாங்க. எல்லாருக்கும் மேடையில படம் எடுத்தாத்தான் படிப்பு ஏறுது போல."

குச்சி சிரிக்கவில்லை. "சின்னத் தொகைன்னா எவ்வளவு மேடம்? என்னிக்குக் குடுப்பீங்க?"

தலை குனியாமல் அவள் பணத்தைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். துறைத் தலைவி தொகையைச் சொன்னார். மருந்துக்கடைச் சம்பளத்தைவிடக் குறைவு. இரண்டு வருஷமும் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். சரி என்று சொல்லிவிட்டு, அங்கேயே கையைக் கழுவி, மிச்சமிருந்த பெட்டிகளுக்கு இலை மாற்றினாள்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "ஊர்ல பொண்ணுங்க ஆடு மேய்ப்பாங்க, மாடு மேய்ப்பாங்க. நம்ம வீட்டுது புழு மேய்க்கப் போகுது." பெயிண்டர் தட்டில் கொஞ்சம் பட்டியைக் குழைத்து, மூலையில் சுரண்டிய இடத்தை நிரவ ஆரம்பித்தார்.

ஒரு மாதம் கழித்துக் கீழ் வீட்டு அம்மா வாசலில் நின்று, பிள்ளைக்கு அந்த உதவித்தொகை கிடைக்கவில்லையாமே என்று மெதுவாக இழுத்தார். அவர் கொழுந்தன் மகனுக்குக் கிடைத்திருந்தது. வள்ளலின் பிறந்தநாள், வள்ளல் மனைவியின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் அவன் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"உதவித்தொகை எதுக்குங்க? எங்க வீட்டுப் பொண்ணு சம்பளம் வாங்கிட்டுப் படிக்கிறா. காசு வாங்கிட்டுப் படிக்கிற ஆள நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அவ வரலன்னா அந்தத் துறையே பட்டினி."

பேச்சு நடக்கும்போதே குச்சி பஸ் இறங்கி வந்தாள். அத்தை அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேரா போயிக் கையக் கழுவுடி. தட்டத் தொடாத. இன்னிக்கும் நாறுது."