ஒன்பதாம் எண் தகடு

பாஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டியின் தடித்த மடிப்பைக் கட்டைவிரல் அகலத்துக்கு மிச்சம் வைத்து, அதைச் சுரங்க வாய்க்குள் எறிந்த பிறகுதான் ஹெட்டி தலைக்கவசத்தை மாட்டுவாள். "கீழ இருக்கிறவங்களுக்கும் பசிக்கும்ல," என்பாள். யார் என்று கேட்டால், "நூத்தம்பது வருசமா மேல வராதவங்க" என்று பதில் வரும்.

என் தங்கை அவள். ஐம்பத்திரண்டு வயது. மெரிக் ஹில்லில் தங்கம் தீர்ந்தாலும் அதைப் பார்க்க வருகிறவர்கள் தீரவில்லை. பழைய சுரங்கத்துக்குள் அவர்களை அழைத்துப் போவது அவள் வேலை. மேலே டீசல் பம்பு என் பொறுப்பு. அது நின்றால் அரை மணியில் அடித்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு மணியில் மார்பளவு.

வாசலில் ஒரு பலகை. இருபத்துநான்கு ஆணிகள், எண் வெட்டிய இருபத்துநான்கு பித்தளைத் தகடுகள். இறங்குகிறவர் ஒன்றை எடுத்துப்போய், திரும்பியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஒன்றாம் எண் ஹெட்டியுடையது. அவள்தான் கடைசியாக மேலே வருவாள். அவள் தகடுதான் கடைசியாக ஏறும்.

சிரிப்பவர்களிடம், "விளையாட்டு இல்ல ராசா," என்பாள். "ஆணி காலியா இருந்தா நீ கீழ இருக்கேன்னு அர்த்தம். நீ வீட்ல போய்ப் படுத்துக்கிட்டாலும் நான் இங்கதான் தேடுவேன்."

இந்த வட்டாரத்தில் அவளைப் போலக் கவனமானவர் இல்லை என்று நான் சொன்னால், அக்கா அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். சொல்லட்டும்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கடைசிச் சுற்றுக்குப் பதினான்கு பேர் இறங்கினார்கள். நான்கு மணிக்குப் பதினான்கு பேரும் ஏறிவிட்டதாகப் பேருந்து ஓட்டுநர் மெர்வ் கையசைத்தார். ஹெட்டியின் விளக்கு வாயருகே தெரிந்ததும் நான் பம்பை நிறுத்தினேன்.

ஹெட்டி மேலே வந்து பலகையின் முன் நின்றாள். ஒன்பதாம் ஆணி காலி.

"எவனோ ஞாபகத்துக்குப் பையில போட்டுக்கிட்டான், ஹெட்டி. கேட்டத் தொற," என்றார் மெர்வ்.

"எல்லாரையும் பைய உதறச் சொல்லுங்க."

"பித்தளைக்கா இந்தப் பாடு? தங்கமா இருந்தாலும் பரவால்ல. பல்லாரட்ல இவங்களுக்குச் சாப்பாடு சொல்லி வச்சிருக்கு."

"ஆறட்டும்."

பைகளை உதறினார்கள். தகடு இல்லை. முணுமுணுப்பு கிளம்பியது. ஹெட்டி பேருந்துக்குள் ஏறினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு வரிசையாக, கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கள் சுரங்கத்து மஞ்சள் களிமண் இறங்கியவர் காலை விடாது. கடைசி வரிசையில் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் காலணி. பொட்டு மண் இல்லை.

"நீங்க கீழ வரல."

அந்த மனிதர் கழுத்தைத் தடவினார். "குறுகலான இடம்னா எனக்கு மூச்சு முட்டும்மா. ஓடைக்கரையிலயே உக்காந்துட்டேன். உள்ள போற சீட்ட வெளிய நின்ன ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"தனியா வந்த பெரியவர். பச்சைத் தொப்பி."

ஹெட்டி படியிலிருந்து குதித்தாள். "அக்கா, பம்ப போடு." இன்னும் மாட்டாமல் கையில் வைத்திருந்த ஒன்றாம் எண் தகட்டை என் உள்ளங்கையில் அழுத்தினாள். "நான் வந்து கேக்காம இத ஆணியில போடாத." விளக்கோடு உள்ளே போய்விட்டாள்.

சூட்டோடு நிறுத்திய இன்ஜின் உடனே கிளம்பாது. கைப்பிடியைச் சுற்றினேன். இருமியது. மறுபடி சுற்றினேன். நான்காவது தடவை பிடித்தபோது மணி நான்கு இருபத்திரண்டு. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுரங்க வாயில் நின்றார்கள். மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பல்லாரட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஐந்து அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது உள்ளே வெளிச்சம் அசைந்தது. முதலில் பச்சைத் தொப்பி. இடுப்புவரை நனைந்து, பற்கள் அடித்துக்கொள்ள வந்தார். ஹெட்டி கூட்டத்தோடு மேலே கடந்து போகும்வரை விளக்கை அணைத்து மரத்தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாராம். பிறகு அடித்தளத்துக்கு இறங்கி, பேனாக்கத்தியால் பாறையைச் சுரண்டியிருக்கிறார். தண்ணீர் காலைத் தொட்டதும் பதறி விழ, விளக்கு போய்விட்டது.

மூடிய கையை ஹெட்டியிடம் திறந்து காட்டினார். மினுமினுக்கும் ஒரு துண்டு.

"தங்கம்தானே?"

"இரும்பும் கந்தகமும் கலந்த கல்லு, ஐயா. இங்க கூடை கூடையாக் கிடக்கு. அது உங்களுக்கு. தகட்ட மாட்டுங்க."

அவர் இரண்டு முறை ஆணியைத் தவறவிட்டார். ஹெட்டி உதவவில்லை, காத்திருந்தாள். மூன்றாம் முறை ஒன்பது ஏறியது.

பிறகு அவள் என்னிடம் வந்து கை நீட்டினாள். என் விரல்கள் திறக்க மறுத்தன. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றாம் எண்ணை எடுத்து, ஈரச் சட்டையில் துடைத்து ஆணியில் மாட்டினாள். ஆடிக்கொண்டிருந்த தகட்டை, அது அசையாமல் நிற்கும்வரை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.