சட்டைக்குள் இருந்த முந்தானை

பைக்கின் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினைத் தொய்யாமல் வைத்திருப்பவை இரண்டு பக்கமும் உள்ள சின்ன போல்ட்டுகள். அட்ஜஸ்டர் என்பார்கள். உப்பளத்துக்குப் போய்வரும் வண்டியில் அவை சீக்கிரமே துருப்பிடித்துவிடும். என் வண்டியின் இடது பக்கத்து போல்ட்டை நானேதான் உடைத்தேன். நட்டு திரும்பவில்லை என்று ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி மிதித்தேன். பாதியில் ஒடிந்துவிட்டது.

அன்றைக்கே மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் கடையில் நாலு பேர் நிற்கும்போது, "எவன்யா இதுல கைய வச்சது?" என்று சத்தமாகக் கேட்பார். அதற்குப் பயந்து, கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி, வீல் நட்டை இறுக்கிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. நான்கு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் காலை இரண்டு பேரும் வேலைக்குப் போனோம். உப்பளத்துக்குத் திரும்பும் இடத்தில், டீக்கடைக்கு எதிரே, செயின் கழன்று சக்கரத்தில் சிக்கியது. வண்டி சாய்ந்தது. நான் காலை ஊன்றித் தப்பித்துக்கொண்டேன். ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அவள் தார் ரோட்டில் விழுந்தாள். முழங்கையும் முட்டியும் தேய்ந்துவிட்டன. புடவையின் கீழ் மடிப்பெல்லாம் செயின் மை.

டீக்கடைக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். "ஏம்மா, முந்தானைய புடிச்சிக்கினு ஒக்கார மாட்ட? வீல்ல வுட்டுட்ட பாரு!"

"நல்லவேள, பின்னால லாரி வரல" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

அவள் என்னிடம், "ஒங்களுக்கு அடி படலியே?" என்றாள். நான் குனிந்து செயினை மாட்டினேன். அறுந்து தொங்கிய கம்பியைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

கூலி போய்விடும் என்று அவள் அன்றும் பாத்தியில் இறங்கினாள். உப்புத் தண்ணீர் புண்ணில் தெறிக்கும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தாள்.

சாயந்திரம் வீட்டில் கேட்டாள்: "ஏங்க, ஒங்க பழைய சட்டைய மேல போட்டுக்கினுதான வந்தேன்? முந்தானை உள்ள இருந்துச்சு, பட்டன்கூட போட்டிருந்தேன். அது எப்படி வீல்ல போச்சு?"

உப்பளத்துப் பெண்கள் எல்லாருமே புடவைக்கு மேல் சட்டை போடுபவர்கள்தான். அவள் சொன்னது சரி.

"காத்து அடிச்சிதில்ல" என்றேன்.

"இருக்கும்" என்றாள். என் பேச்சை நம்பினாள். விழுந்ததைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் மெக்கானிக் புது போல்ட் போட்டார். மிச்சமிருந்த கம்பியை எடுத்துக் காட்டி, "இன்னாண்ணே, பந்தலா போட்ட?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் போனைப் பார்த்தார்கள். நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

அதன்பிறகு நாங்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம் டீக்கடைக்காரர், "முந்தானை பத்திரம்மா!" என்பார். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் ஏறியது முதல் இறங்கும்வரை சட்டையின் முன்பக்கத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பத்து நாளுக்கு மேல் அந்தக் கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு சாயந்திரம் அவள் முட்டிக்கு மருந்து போடும்போது, உடைந்த போல்ட்டையும் கம்பியையும் பற்றிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. மருந்து ட்யூபை மூடினாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? தெனம் அங்க பேச்சு கேக்கறது நான்தான?"

மறுநாள் காலையும் டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார். நான் வண்டியை நிறுத்தினேன்.

"முந்தானை இல்லண்ணே. அட்ஜஸ்டர் ஒடஞ்சிருந்துச்சு. நான்தான் கம்பி கட்டி ஓட்டினேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்து, "இன்னாப்பா?" என்றார். பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அதையே இன்னொரு முறை கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அடப்பாவி! அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"



"போங்க, நேரமாச்சு" என்றாள் அவள். கண்ணாடியில் பார்த்தேன். சட்டையை விட்டிருந்தாள். அந்தக் கை என் தோளுக்கு வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.