இடம் மாறிய அணிக்கு ஒரு பை ரோல்ஸ்

சனிக்கிழமை மதியம், ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் நிற்கிறேன். பக்கத்தில் பச்சை மஃப்ளர் கட்டிய யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். கையில் எண்ணெய் ஊறிய பை நிறைய மட்டன் ரோல்ஸ். கால்பந்து பார்க்கப் போகிறாராம்.

“மைதானம் பக்கத்துலயா?” என்கிறேன்.

“முந்தி ஒரு பஸ்தான். அந்த மைதானத்தைப் பூட்டிப்போட்டாங்கள். இப்ப எங்கட டீம் ஆத்துக்கு அங்கால, வேற டீமின்ர மைதானத்தில விளையாடுது. ரெண்டு ரயில் மாறோணும்.”

“இந்தக் குளிர்லயா?”

“தம்பி, கலவரத்தோட ஓடிவந்து இங்க ஆரையும் தெரியாமல் நிக்கேக்க, மைதானத்தில தங்களுக்குப் பக்கத்தில எனக்கு இடம் விட்டவை இந்த டீமின்ர வெள்ளைக்கார ரசிகர்மார். இப்ப அவைக்கே சொந்த இடமில்லை. நான் போகாமல் இருக்கேலுமே?”

அவருடைய ரயில் வருகிறது. என் கையில் ஒரு ரோலைத் திணித்துவிட்டு ஏறுகிறார்.

“உறைப்புக் காணாது தம்பி, குறை நினையாதேங்கோ. அந்த வெள்ளைக்காரருக்கு ஏலாதெண்டு வீட்டில எல்லாருமே மிளகாயைக் குறைச்சிட்டம்.”