ரப்பர் மரத்துக்குப் பாட்டு பிடிக்குமா?

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் ஒருவழியாக முடிந்து, கீபோர்டுக்காரர் கடைசிப் பாட்டின் அடிச் சுரத்தை அழுத்தினார். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அப்போதுதான் அது தோன்றியது: ஒரு சுரத்துக்குக் கண்ணாடியே இப்படி நடுங்கும் என்றால், ரப்பர் மரத்துக்குள் இருக்கும் பால் மட்டும் சும்மா கிடக்குமா? பிரசங்கம் முழுக்க வராத பரவசம் எனக்கு அந்த நொடியில் வந்தது.

நான் நாகர்கோவிலில் இயற்பியல் ஆய்வு மாணவி. ரப்பர் அதிர்வை எப்படி விழுங்குகிறது என்று நாலு வருஷமாக ஆராய்கிறேன். விழுங்கும் என்று தெரிந்தேதான், மரத்துப் பால் பாட்டுக்கு ஆடும் என்று எழுதத் துணிந்தேன். கட்டுரையாக எழுதினால் ஆதாரம் கேட்பார்கள், கதைக்குக் கேட்க மாட்டார்கள். எனவே கதை. பாட்டு கேட்ட மரங்கள், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை வழியப் பால் சுரந்தன. ஒரு சிறுபத்திரிகை அதைப் போட்டது. என் கைடு, "மூணாம் அத்தியாயத்துக்கு நேரமில்ல, இதுக்கு மட்டும் இருக்கு" என்று விமர்சித்தார். அம்மா இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

மூன்றாவது வாசகி என் பழைய பெஞ்சுக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம். இப்போது கீரிப்பாறைப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள். பெருமைக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அவள் படித்ததோடு நிற்காமல் நம்பியும் விட்டாள். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

இடுப்பில் போனைச் செருகி, பாட்டு வைத்து வெட்டியிருக்கிறாள். பால் கூடியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டில் கவனம் போனால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படும், நாளை முதல் போன் ஷெட்டில் இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இவள் பத்திரிகையை நீட்டியிருக்கிறாள். "எழுதினவள வரச்சொல்லு. அளந்து, தாளுல எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பாட்டு கேளு" என்றாராம்.

"ஏட்டி, ஒனக்க கதையக் காட்டித்தான் மாட்டினேன்" என்று போனில் கத்தினாள். "நீ வந்து அளக்கியா, இல்ல நான் ஊமையாத் திரியணுமா?"

"அது வெறும் கதைட்டி!"

"அப்ப எனக்க சிரட்டையில கூடின பாலும் கதையா?"

நோட்டும் அளவு ஜாடியுமாக எஸ்டேட் பஸ் ஏறினேன். சூப்பர்வைசர் இரண்டு வாரம் தந்தார். அதே மரங்கள், ஒரு வெட்டுக்குப் பாட்டு, அடுத்த வெட்டுக்கு மௌனம். பாட்டு நாட்களில் பால் உண்மையிலேயே கூடியது! எனக்கே என் கதைமேல் மரியாதை வந்தது. கட்டுரைத் தலைப்பு, பாராட்டு விழா, அதில் நான் காட்டப்போகும் தன்னடக்கம் எல்லாம் திரும்பும் பஸ்ஸிலேயே தயார்.

அப்போதுதான் நோட்டில் அவள் கைப்பட நேரம் எழுதிய பத்தி கண்ணில் பட்டது. பாட்டு நாட்களில் ஐந்து மணிக்கு வெட்டத் தொடங்கியிருக்கிறாள். மௌன நாட்களில் ஆறரை. அடுத்த வெட்டு நாளில் கேட்டேன்.

"பாட்டு உண்டுன்னா எழும்பத் தோணும். மத்த நாளு சவம், யாருக்குத் தோணும்?"

"குளிர்ச்சியில வெட்டினா பால் கூடும்லாட்டி?"

"கூடும். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆராய்ச்சிக்காரி. ஒனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சூப்பர்வைசரிடம் கெஞ்சி இன்னொரு வாரம் வாங்கினேன். பாட்டு நாளும் மௌன நாளும் ஐந்து மணிக்கே வெட்டு. வித்தியாசம் மாயமாகிவிட்டது. பரிசோதனை பிரமாத வெற்றி. நான்தான் தோற்றேன், அவளும் என்னோடு சேர்ந்து.

ஷெட் வாசலில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பால் கூடலைன்னுதான் எழுதணும்" என்றேன்.

"எழுது." என் முகத்தைப் பார்க்கவில்லை. "மரத்துக்குக் காது இல்ல, சரி. எனக்கு இருக்குல்லா? முந்நூறு மரம். பேச்சுத்துணைக்கு ஆளு கிடையாது. ரத்தம் குடிக்கிற அட்டை மட்டும்தான் கூட்டு."

நான் ஆறுதலாக ஏதோ உளற வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "கத்தி ஆழமா இறங்கும்னு சொன்னாருல்லா? நேர் எதிரு. பாட்டு இருந்தா தாளத்துக்கு ஒரே சீராப் போவும். இல்லாத நாளுதான் எப்ப முடியும்னு கை இழுத்துரும்."

பாலை அளந்தேன், நேரத்தை அளந்தேன், வெயிலைக்கூட அளந்தேன். வெட்டுகிற கையை அளக்கத் தோன்றவில்லை. நாலு வருஷ ஆய்வுப் பயிற்சி!

தாளில் இப்படி எழுதினேன்: "பாட்டால் பால் கூடவில்லை. குறையவும் இல்லை. கத்தியை இன்னும் அளக்கவில்லை." சூப்பர்வைசர் இரண்டு தடவை வாசித்தார். "கடைசியா ஒரு வாரம்" என்றார்.

திங்கட்கிழமை ஆய்வகத்து ஸ்க்ரூ கேஜைக் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு வெட்டிலும் உதிரும் பட்டைச் சீவலின் கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மரத்தில் விழும் காயங்களையும் எண்ண வேண்டும். எது பாட்டு நாள் சீவல் என்று எனக்குத் தெரியக்கூடாது, என் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே கவரில் போட்டு ஒட்டும் வேலை சூப்பர்வைசருக்கு. மரத்துக் காயங்களை எண்ணுவதும் அவரே. இதிலும் பாட்டு தோற்றால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்று அவளிடம் சொல்லியாயிற்று.

"மெதுவான பாட்டா வைட்டி" என்று மட்டும் கெஞ்சினேன்.

"ஜெபக்கூட்டத்துக்கா போறேன்? குத்துப்பாட்டுதான்."

"அதுக்குக் கத்தி குதிச்சா?"

"அளந்து பாரு."