பாண்டியின் முட்டைக்கு ஷாக் அப்சர்பர்

சைக்கிள் கடை வைத்தவன் பாதி நேரம் ஸ்பானரோடும் மீதி நேரம் வாடிக்கையாளரின் விஞ்ஞானத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். சொந்தக் கடை வைத்துப் பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என் கடை கே.கே. நகரில். இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில், அங்கே நல்ல மார்க் வாங்கிய பையன்களுக்கெல்லாம் முன்பக்கம் ஷாக் அப்சர்பர் வைத்த மலைச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அவை ட்யூஷன் வாசலைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை. பையன்கள் கல்லூரிக்குப் போனதும் சைக்கிள்கள் கைமாறின. ஒன்று பரவை பாண்டியிடம் போனது.

சொகுசுப் பயணி

பாண்டி தினமும் ஊருக்கு வெளியே இருக்கும் பரவையிலிருந்து முட்டை கொண்டுவந்து எங்கள் தெருமுனை மெஸ்ஸில் போடுபவர். அவருடைய பெரிய வாடிக்கை அந்த மெஸ்தான். வழியில் முட்டை உடைந்துகொண்டே இருந்தது. இனியும் உடைந்தால் வேன்காரரிடம் வாங்கிக்கொள்வதாக மெஸ் அக்கா சொல்லிவிட்டார். "ஷாக்கு அமுங்கத்தான்ணே செய்யுது. அப்படியும் உடையுது, என்னான்னு பாருங்க" என்று வந்து நின்றார் பாண்டி.

முட்டை அட்டைகள் பின் கேரியரில் இருந்தன. எனக்கு வாய் சும்மா இருக்காது. ஸ்பிரிங் இருப்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில், அது காப்பாற்றுவது ஹேண்டில்பாரை, பின்சக்கரம் வாங்கும் அடி நேராக முட்டைக்குத்தான் போகும் என்று கடைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் இட்டு விளக்கினேன். பாண்டி படத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் சொகுசா வந்தது நான்தானா?"

இடது காலில் இருந்தது

ஹேண்டில்பாருக்கு முன்னால் இரும்புக் கூடை மாட்டி, முட்டையை அதில் வைப்பதென்று முடிவாயிற்று. கூடைப் பாரத்தை ஃபோர்க் தாங்க வேண்டுமே என்று அதைப் பிரித்தோம். பிரித்தது என் மெக்கானிக் சிக்கந்தர். நான் மேற்பார்வை, அதாவது பேசிக்கொண்டிருந்தேன். ஃபோர்க்கின் வலது காலில் துருப்பிடித்த ஸ்பிரிங் இருந்தது. இடது காலில், முன்பு கைவைத்த யாரோ ஒரு புண்ணியவான், ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கியிருந்தார். ஒரு வட்டத்தில் வார் மாட்டும் ஓட்டைகூட இருந்தது.

பழைய மாடல் என்பதால் அந்த அளவில் புது ஃபோர்க் எங்கேயும் கிடைக்கவில்லை. உள்ளே இருப்பதைத்தான் மாற்றியாக வேண்டும். நான் இயந்திரவியலின் வீழ்ச்சி குறித்து வருந்திக்கொண்டிருக்க, சிக்கந்தர் ஒரு ரப்பர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு கால்லயும் செருப்பப் போட்டு விட்டிருந்தா ஒழுங்கா நடந்திருக்கும்ணே."

வேகத்தடை

வேறொரு பழைய சைக்கிளிலிருந்து ஒரு ஜோடி ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டு, கிரீஸ் வைத்து மூடினோம். கையால் அழுத்தினால் இலவம்பஞ்சு மெத்தை போல இறங்கியது. பெருமை தாங்காமல் மறுநாள் மெஸ் வாசலிலேயே போய் நின்றுகொண்டேன். பாண்டி வந்தார். முன்சக்கரம் மெஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறியது. கூடைப் பாரத்திலேயே அடிவரை அமுங்கிவிட்ட ஸ்பிரிங்குக்கு மேற்கொண்டு அமுங்க இடமில்லை. 'டக்' என்றது. மேல் அட்டைகள் எழும்பி இறங்கின.

அக்கா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். மென்மையான ஸ்பிரிங்கின் குணம் பற்றி நான் ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாண்டி, ஆம்லெட் வேணும்னா நான் தனியாக் கேட்டுக்கிறேன். நாளைக்கு ஒருவாட்டி முட்டையாவே கொண்டா, இல்லேன்னா வேன்காரருக்குச் சொல்லிருவேன்."

காலிக் கூடை

அன்றைக்கே சிக்கந்தர் பழைய மொபெட் ஸ்பிரிங்குகளைப் பிடித்துவந்து, அளவுக்கு அறுத்து இரண்டு காலிலும் இறக்கினார். வெறும் வண்டியை நான் ஓட்டிப் பார்த்தேன். உலக்கை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூடையில் பாரம் ஏறிய பிறகுதான் ஃபோர்க் அசையவே சம்மதித்தது. மறுநாள் முட்டைகள் வேகத்தடையில் லேசாகத் தலையாட்டிக்கொண்டு ஏறி இறங்கின. அக்கா ஒவ்வொரு அட்டையின் அடியிலும் கைவைத்துத் தடவினார். ஈரமில்லை. அட்டைகளை உள்ளே எடுத்துப் போனார். வேன்காரர் பேச்சு அதோடு அடங்கியது.

சில நாள் கழித்துக் கடைக்கு வந்த பாண்டி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது கூடை காலி என்பதால், பரவை வரைக்கும் ஒரு பள்ளம் விடாமல் அடி தோள்பட்டைக்கு ஏறுகிறதாம். இரண்டுக்கும் நடுவான பலத்தில் ஒரு ஸ்பிரிங் தேடலாம், முட்டை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, நான் சாக்பீஸை எடுத்தேன். அவர் பெடலில் கால் வைத்துவிட்டார்.

"விடுங்கண்ணே, நான் குலுங்குனா உடையவா போறேன்?"

எந்த ஊர் மலையிலோ மனிதன் சொகுசாக இறங்குவதற்கென்று செய்த பொருளை, மலைக்கும் போகாத, சொகுசும் கேட்காத ஒருவருக்காகச் சரிசெய்து கொடுத்ததுதான் என் தொழில் வாழ்க்கையில் நான் எட்டிய உச்சி.