இரண்டாவது லைன்

செகந்திராபாத்தை ஒட்டிய எங்கள் லோத்குண்டா வீட்டில் இன்டர்நெட் போனால் எனக்குச் சந்தோஷம். அந்த நாட்களில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, லைன் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டால் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். எங்கள் தெருவில் யாராவது குழி தோண்டிக்கொண்டே இருப்பார்கள், டெலிபோன் ஒயர் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். செகந்திராபாத் வரை ஆட்டோ, அங்கிருந்து லோக்கல் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் போவேன். ஆபீஸ் கேன்டீன் டீ வாயில் வைக்க விளங்காது. இரண்டு குடிப்பேன்.

மற்ற நாட்களில் உள்ளறையே கதி. காதில் ஹெட்போன், கதவுக்கு வெளியே குழந்தையின் அழுகை. சிலிண்டர் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் கதவு தட்டப்படும். "நீ வீட்லதானே இருக்கே, ஒரு எட்டு வந்து பாரேன்" என்பார் மாமியார். கெட்டவர் இல்லை. கதவை மூடிக்கொண்டு செய்வதும் வேலைதான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு மூச்சு முட்டியது.

என் கணவர் காலையில் ராமச்சந்திராபுரத்தில் இருந்த தன் கம்பெனியின் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் வருவார். ஒரு சனிக்கிழமை கேபிள்காரரைக் கையோடு கூட்டி வந்தார். எனக்காக இரண்டாவது லைன்.

"லைன் போயி போயி நீ அலையறே இல்ல? இனிமே அந்தக் கவலையே வேண்டாம்," என்றார். முகத்தில் அத்தனை பெருமை. மொட்டைமாடி வழியாக ஒயரை இழுத்து முடித்த கேபிள்காரரும், "டென்ஷன் நக்கோ மேடம்," கவலையே வேண்டாம் என்று அந்த ஊர் உருதுவில் தைரியம் சொன்னார்.

அலையத்தான் பிடிக்கிறது என்று எப்படிச் சொல்வது? கைக்குழந்தைக்காரிக்கு ஊர் சுற்ற ஆசையா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். சிரித்து வைத்தேன்.

இரண்டு லைனையும் ஒரே ரவுட்டரில் இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வீட்டில் நெட்வொர்க் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எரிச்சலில் யோசிக்காமல், இரண்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்ளும்படி அமைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை என் லாகினைப் பூட்டிவிட்டார்கள். லைனுக்கு ஒரு முகவரி என்பதால், ஒரே பெயரில், ஒரே நேரத்தில், இரண்டு இடங்களிலிருந்து ஆள் நுழைவதுபோல ஆபீஸுக்குத் தெரிந்திருக்கிறது. பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று சந்தேகம். மறுநாள் நேரில் வரச் சொன்னார்கள்.

நியாயமாக, வேலை போய்விடுமோ என்று நான் பயந்திருக்க வேண்டும். நானோ, மறுநாள் கிளம்பும் ஆசையில் உட்கார்ந்து சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன்.

மேலாளர் தெலுங்குக்காரர், என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். நடந்ததைச் சொன்னதும் நம்பிவிட்டார். பிறகு, "இதைச் சரிசெய்ய முடியுமா? இல்லையென்றால் நாளையிலிருந்து இங்கேயே வந்துவிடுங்கள். உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி தெரிந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபீஸ் உத்தரவு என்றால் வீட்டிலும் யாரும் மறுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் நான் ஏங்கியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற நெட்வொர்க் பிரிவுக்காரர், "வீட்டு ரவுட்டர்ல அதெல்லாம் உங்களுக்குக் கஷ்டம் மேடம்," என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"இதில் என்ன கஷ்டம்? ஆபீஸ் வேலை முழுக்க ஒரே லைனில் போகட்டும், அது படுத்தால் மட்டும் மற்றது எடுத்துக்கொள்ளட்டும். பத்து நிமிட வேலை," என்றேன்.

"அப்படியானால் நீங்கள் இனி வரவே வேண்டியதில்லை," என்றார் மேலாளர் சந்தோஷமாக.

வீட்டுக்கு வந்து சொன்னபடியே செய்தேன். ஒரு ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், மற்றது சட்டென்று எடுத்துக்கொண்டது. "சரியாயிடுச்சா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். ஆயிடுச்சு என்றேன். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. என் வாயை மட்டும்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.