மழை பெய்தால்தான் கரண்ட்

காலை ஆறு மணி, எரிந்துபோன மோட்டார்கள் நான்கு, அவற்றுக்கு நடுவே பீடியோடு மாகறல் கோதண்டன்: 1983 கோடையில் உத்திரமேரூரில் என் பட்டறை இப்படித்தான் திறந்தது. எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்குத் தொழில் நன்றாக நடக்கிறதென்றால், சுற்றுவட்டாரத்தில் பயிர் காய்கிறதென்று அர்த்தம். கிணற்றை நம்பி நெல் வைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேப்பங்குச்சி

கரண்ட் கொஞ்ச நேரம்தான் வரும். வந்ததும் எல்லாக் கிணற்றிலும் ஒரே சமயத்தில் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் கருகாமல் இருக்க ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். அது விழக் கூடாதென்று பட்டனில் வேப்பங்குச்சியைச் செருகி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோதண்டனின் மோட்டார் அந்தக் கோடையில் மூன்றாவது தடவையாக என்னிடம் வந்தபோது கத்தியே விட்டேன்.

அவர் பீடியை அணைத்தார். "மோட்டாரு எரியும்னு எனக்குத் தெரியாதாண்ணா? அங்க முக்கா ஏக்கரா பயிரு எரிஞ்சிக்கினு கீது. அதுக்கு எந்தக் கடையில காயில் கட்டுவாங்க?"

லைன்மேனின் பதில்

லைன்மேன் ஏகாம்பரம் டீ குடிக்க என் பட்டறைக்கு வருவார். ஒருநாள் கோதண்டன் அவரை மடக்கினார். "கரண்ட்ட எங்கய்யா ஒளிச்சி வெச்சிக்கினு கீற?"

எல்லோரும் சிரித்தோம். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "அணையில தண்ணி இல்லப்பா. அங்க தண்ணி ஓடினாத்தான் இங்க கரண்ட்டு. மழை பேஞ்சா உனக்குக் கரண்ட்டு வரும். மழை பேஞ்சா உனக்குக் கரண்ட்டே வாணாமே!"

காற்றாடி

கட்டிய மோட்டாரை மாட்ட நான் மாகறலில் கோதண்டன் வயலுக்குப் போயிருந்த அன்று, அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் படம் ஒன்றும் மனு ஒன்றுமாக அங்கே வந்தார். காற்றில் சுற்றித் தண்ணீர் இறைக்கும் காற்றாடி. கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம் என்றார். கோதண்டன் என் முகத்தைப் பார்த்தார். காற்று தினமும் அடிக்காது, நெல்லுக்கு அந்தத் தண்ணீர் பற்றாது என்றேன். பொய்யில்லை. ஆனால் காற்றாடியில் காயில் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

கோதண்டன் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். களை பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கன்னியம்மாள் நிமிர்ந்தார். "காத்து தெனம் வராதுன்றியே, உன் கரண்ட்டு மட்டும் தெனம் வருதாண்ணா?"

எஞ்சின்

கதிர் வரும் சமயம். பொறுக்க முடியாமல் கோதண்டன் டீசல் எஞ்சின் கொண்டுவந்தார். தண்ணீர் வெகு ஆழத்துக்குப் போயிருந்தது. மேலே வைத்த பம்பு அவ்வளவு தூரம் உறிஞ்சாது. கிணற்றுக்குள் பாறையில் மேடை வெட்டி, எஞ்சினைக் கயிற்றில் இறக்கி, நான்தான் பூட்டிக் கொடுத்தேன். புகைக்குழாயை மேலே வரை நீட்டினேன். ஓடும்போது யாரும் இறங்கக் கூடாது என்றும் சொன்னேன். குச்சி வைக்காதே என்றும் இப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் பம்பு மூட்டில் தண்ணீர் கசிந்தது. எஞ்சினை நிறுத்தினால் பம்பில் இருக்கும் தண்ணீர் இறங்கிவிடும். மறுபடி கிளப்ப அரை நாள் ஆகும். ஓடட்டும் என்று விட்டு, சாக்குத் துணியோடு கோதண்டன் இறங்கினார். எஞ்சின் அதிர்வில் புகைக்குழாய் கழன்றிருந்தது அவருக்குத் தெரியாது. கிணறு முழுக்கப் புகை. டீசல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை வேறு யாராலும் இறங்க முடியவில்லை.

நான் போனபோது கோதண்டனை வரப்பில் கிடத்தியிருந்தார்கள். கன்னியம்மாள் என்னைத் திட்டவில்லை. வயலில் தண்ணீர் நின்றிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சிண்ணா. ஒரு தடவகூட நிக்கல."

1985 தை மாதம் கன்னியம்மாள் பெயரில் அந்தக் கிணற்று மேட்டில் காற்றாடி நட்டார்கள். அதன் கால்களுக்கு போல்ட் முடுக்கியவன், காற்று தினமும் அடிக்காது என்று சொன்ன நான்.